சத்து மாத்திரை டப்பாவோடு ஊருக்கு வரும் பிள்ளைகளுக்கு

அன்புள்ள தம்பி தங்கைகளுக்கு,

வணக்கம். கும்பகோணம் பக்கத்தில் ஒரு சிறிய ஊரில் 26 வருடமாக மருந்துக் கடை வைத்திருக்கிறேன். துபாயிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்கும் உங்களில் பலரை எனக்கு முகம் தெரியாது. உங்கள் அம்மா அப்பாவை நன்றாகத் தெரியும். அப்பாவுக்குச் சுகர் மாத்திரை எத்தனை மில்லிகிராம், அம்மாவுக்கு எந்த மாதம் பிரஷர் மாத்திரை மாற்றினார்கள் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

டிசம்பர் கடைசியில் நீங்கள் வருவீர்கள். பொங்கல் முடிந்து நீங்கள் திரும்பிப் போன மறுவாரம் என் கடை மேசைக்கு டப்பாக்கள் வரத் தொடங்கும். உள்ளங்கை அகலத்துக்கு மூடி வைத்த பெரிய பெரிய டப்பாக்கள். ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான மல்டிவைட்டமின், மீன் எண்ணெய், வைட்டமின் டி3, கால்சியம், முடிக்கு, மூட்டுக்கு. மஞ்சப்பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, "தம்பி, பையன் கொண்டாந்து குடுத்துட்டுப் போயிருக்கான், இது எதுக்குன்னு பாத்துச் சொல்லு" என்பார்கள். ஒருமுறை ஓர் அப்பா, மாத்திரை பெரிதாக இருக்கிறது, தொண்டையில் இறங்கவில்லை என்று பாக்குவெட்டியால் நறுக்கி, அந்தத் துண்டுகளை விபூதி மடிப்பதுபோல் காகிதத்தில் மடித்து எடுத்து வந்திருந்தார். ஒன்றுகூடச் சமமாக வெட்டுப்படவில்லை.

நீங்கள் பாசத்தில்தான் வாங்கி வருகிறீர்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த டப்பாவை வாங்குவதற்கு முன்னால் நீங்கள் தெரிந்துகொண்டிருக்க வேண்டிய இரண்டு விஷயங்கள் உண்டு. அவர்கள் தினமும் உண்மையில் என்ன சாப்பிடுகிறார்கள்? ஏற்கெனவே என்னென்ன மாத்திரை போடுகிறார்கள்? இது தெரியாமல் வாங்கி வரும் டப்பா சில வீட்டில் வீணாகிறது, சில வீட்டில் கெடுதல் செய்கிறது. உண்மையான குறை எதுவோ அது யார் கண்ணிலும் படாமல் போய்விடுகிறது. என்னை இந்த மடல் எழுத வைத்தது இந்தக் கடைசி விஷயம்தான்.

எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஓர் அம்மா, 71 வயது. மகன் வெளிநாட்டில். சுகர் வந்து 13 வருடம். காலையிலும் ராத்திரியிலும் மெட்பார்மின். நெஞ்செரிச்சலுக்கு என்று என்றோ ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்த கேஸ் மாத்திரையைப் பல வருடமாக வெறும் வயிற்றில் போட்டு வந்தார். வீட்டுக்காரர் போனபிறகு கறி, மீன், முட்டை எல்லாவற்றையும் விட்டுவிட்டார். ஒருநாள் கடைக்கு வந்தபோது ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. இன்னொன்று வழியில் எங்கோ கழன்று விழுந்திருக்கிறது, அது அவருக்குத் தெரியவே இல்லை. "காலு ரெண்டும் மதமதன்னு இருக்குப்பா, சுகர்காரங்களுக்கு அப்படித்தான் இருக்குமாம்" என்றார். அக்கம்பக்கத்தில் சொன்னதும் அதுதான், மருந்து எழுதியவர்கள் சொன்னதும் அதுதான். உண்மையைச் சொன்னால், நானும் ஒரு வருடம் அதையே நினைத்துக்கொண்டு நரம்பு மாத்திரை கொடுத்து வந்தேன்.

கடைசியில் வேறொரு டாக்டர் ரத்தத்தில் பி12 என்ற வைட்டமின் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கச் சொல்லிச் சீட்டு எழுதினார். ரிசல்ட்டில் ஒரு மில்லிக்கு 138 பிகோகிராம். பொதுவாக 200-க்குக் கீழே போனாலே குறைபாடு என்று எடுத்துக்கொள்வார்கள். ஊசி போட ஆரம்பித்தார்கள். முதலில் நாள்விட்டு நாள், அப்புறம் வாரம் ஒன்று, அப்புறம் மாதம் ஒன்று. நாலைந்து மாதத்தில் நடை தேறியது, செருப்பு காலில் நின்றது. விரல் நுனிகளில் மட்டும் மதமதப்பு இன்னும் இருக்கிறது. முன்பே பார்த்திருந்தால் அதுவும் போயிருக்கலாம்.

அவர் வீட்டுக்கு ஊசி மருந்து கொடுக்கப் போனபோது பார்த்தேன். கண்ணாடி அலமாரியில், பேரப்பிள்ளைகளின் போட்டோவுக்குப் பக்கத்தில், மல்டிவைட்டமின் டப்பா மூன்று. மூன்றும் பிரிக்காதது. ஒன்று காலாவதியாகி எட்டு மாதம். அதன் லேபிளில் பி12-ம் இருந்தது. ஏன் போடவில்லை என்று கேட்டேன். "டாலர்ல காசு போட்டு வாங்கினது, ஒடம்புக்கு ரொம்ப முடியாதப்போ போட்டுக்கலாம்னு வச்சிருக்கேன்" என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை.

இந்த பி12 விஷயத்தைக் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன், ஏனென்றால் நம் ஊர்ப் பெரியவர்களுக்கு இது மிக முக்கியம். சாப்பாட்டில் இருக்கும் பி12 புரதத்தோடு ஒட்டிக்கொண்டுதான் வரும். வயிற்று அமிலம்தான் அதைப் பிரித்தெடுக்கும். பிறகு வயிறே சுரக்கும் இன்னொரு புரதம் அதைச் சுமந்துகொண்டு சிறுகுடலின் கடைசி வரைக்கும் போகும், அங்கேதான் உடம்புக்குள் ஏறும். வயதாக ஆக, பலருக்கு வயிற்றின் உட்சுவர் மெலிந்து அமிலம் குறைந்துவிடுகிறது. அதனால் மீனும் முட்டையும் சாப்பிடுகிறவர்களுக்குக்கூட அதிலிருக்கும் பி12 முழுசாகச் சேர்வதில்லை. கேஸ் மாத்திரை வருடக்கணக்கில் போட்டால் அமிலம் இன்னும் குறைகிறது. மெட்பார்மின் சிறுகுடலின் கடைசியில் நடக்கும் வேலையைத் தடுக்கிறது. பிரிட்டன் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022-லேயே, மெட்பார்மின் போடுகிறவர்களுக்கு பி12 குறைவது அடிக்கடி வரும் பக்கவிளைவு, அளவும் வருடங்களும் கூடக் கூட அது அதிகம், அறிகுறி இருந்தால் சோதித்துப் பாருங்கள் என்று டாக்டர்களுக்கு எழுதிவிட்டது. நம் ஊரில் சுகர் என்றால் முதலில் எழுதும் மாத்திரையே மெட்பார்மின்தான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

இதைப் படித்துவிட்டு அப்பாவுக்குப் போன் போட்டு மெட்பார்மினை நிறுத்தச் சொல்லிவிடாதீர்கள். அது நல்ல மருந்து. நான் சொல்வது, கூடவே பி12-ஐயும் ஒரு கண் பார்க்க வேண்டும் என்பதுதான்.

கல்லீரலில் பி12 சேமிப்பு இருக்கும். அது கரைய வருடங்கள் ஆகும். அதனால்தான் சைவத்துக்கு மாறிய முதல் வருடத்தில் ஒன்றும் தெரியாது, நாலாவது ஐந்தாவது வருடத்தில் கால் எரியும், நாக்கு வழவழவென்று ஆகும், மறதி வரும், எதிலும் பிடிப்பில்லாமல் உட்கார்ந்திருப்பார்கள். "வயசாச்சுல்ல" என்று வீட்டில் சொல்லிக்கொள்வார்கள். இதற்கு நடுவில் யாராவது "ரத்தம் கம்மியா இருக்கு" என்று போலிக் அமில மாத்திரையை மட்டும் கொடுத்துவிட்டால் இன்னொரு சிக்கல். ரத்த அளவு சரியானதுபோல் காட்டும், உள்ளே நரம்பு சேதமாவது தொடரும்.

சாப்பாட்டிலேயே சரிசெய்துகொள்ளலாமே என்று கேட்பீர்கள். நானும் அந்தக் கட்சிதான். ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நாளைக்குத் தேவை என்று அமெரிக்காவில் வைத்திருக்கும் அளவு 2.4 மைக்ரோகிராம். நூறு மில்லி பாலில் அரை மைக்ரோகிராமுக்கும் கொஞ்சம் குறைவு. ஒரு முட்டையில் ஏறக்குறைய அரை. உங்கள் அம்மா மூன்று வேளை டீக்குச் சேர்த்து ஊற்றுவது 150 மில்லி பால் இருந்தால் அதிகம். தயிரை மோராக்கி, அந்த மோரையும் விளாவித்தான் குடிக்கிறார். கீரை, காய், பருப்பு, பழம் எதிலும் நம்பிக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் அளவுக்கு பி12 கிடையாது. கீரையில் போலேட் இருக்கிறது, ஏ இருக்கிறது, கே இருக்கிறது, பி12 இல்லை. பழைய சோற்றில் பி12 கொட்டிக்கிடக்கிறது என்று வாட்ஸ்அப்பில் வருவதை நீங்களே அம்மாவுக்கு அனுப்புகிறீர்கள். பழைய சோறு வயிற்றுக்கு நல்லது, எனக்கும் பிடிக்கும், ஆனால் பி12-க்கு அதை நம்பி இருக்க முடியாது. அசைவம் சாப்பிடுகிறவர்கள் என்றால் ஈரல், நெத்திலி, மத்தி எல்லாம் அருமையான உணவு. அமாவாசை, கிருத்திகை, சனி, புரட்டாசி என்று கழித்துவிட்டுப் பார்த்தால் மாதத்தில் எத்தனை நாள் மிஞ்சுகிறது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அதனால் மாத்திரையே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. மாத்திரையில் இருக்கும் பி12 புரதத்தோடு ஒட்டாதது, அமிலம் குறைந்த வயிற்றிலும் சேரும். அமெரிக்காவின் மருத்துவக் கழகம் 1998-லேயே, ஐம்பதைத் தாண்டியவர்கள் தங்கள் பி12-ல் பெரும்பகுதியைச் செறிவூட்டிய உணவிலிருந்தோ மாத்திரையிலிருந்தோ எடுப்பது நல்லது என்று சொல்லிவிட்டது. ஆனால் ஏற்கெனவே நரம்பு வரைக்கும் குறைந்து போனவருக்கு மல்டிவைட்டமின் டப்பாவில் இருக்கும் கொஞ்சம் அளவு போதாது. அவருக்கு டாக்டர் பார்த்து ஊசியோ அதிக அளவு மாத்திரையோ கொடுக்க வேண்டும். யாருக்கு எது என்பது ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். எங்கள் ஊர்ப்பக்கம் லேபில் அதற்கு ஆகும் செலவு நீங்கள் வாங்கி வரும் ஒரு டப்பா விலைக்குள் அடங்கும்.

வைட்டமின் டி-யில் நான் பயப்படுவது அதற்கு நேர் எதிரான விஷயத்துக்கு. போன வருடத்துக்கு முந்தின வருடம் ஓர் அய்யா, ஓய்வுபெற்ற வாத்தியார். டாக்டர் 60,000 யூனிட் டி3 பொடிப் பாக்கெட்டை வாரம் ஒன்று என்று எழுதியிருந்தார். மகள் வாட்ஸ்அப்பில் "அப்பா டி3 கண்டிப்பா தினமும் போடுங்க" என்று அனுப்பியிருந்தார். மகள் சொன்னது தான் வாங்கி அனுப்பிய சின்ன மாத்திரையை. அய்யா புரிந்துகொண்டது பாக்கெட்டை. தினமும் பாலில் கலந்து குடித்திருக்கிறார், தீரத் தீர வெவ்வேறு கடையில் வாங்கியிருக்கிறார். வாந்தி, மலச்சிக்கல், ஓயாத தாகம், பேச்சில் குழப்பம். ரத்தத்தில் கால்சியம் ஏறி ஆஸ்பத்திரியில் பத்து நாள் கிடந்தார், கிட்னி தப்பியதே பெரிது. எழுபதைத் தாண்டியவருக்கு ஒரு நாளைக்கு 800 யூனிட் என்பது அமெரிக்கக் கணக்கு. அப்படிப் பார்த்தால் அந்த ஒரு பாக்கெட் 75 நாளைக்கான அளவு. டி கொழுப்பில் தங்கும் வைட்டமின், மிஞ்சினது உடனே சிறுநீரில் போய்விடாது.

வெயில் கொளுத்தும் ஊரில் டி எப்படிக் குறையும் என்று கேட்காதவர்கள் இல்லை. வெயில் தெருவில் இருக்கிறது, உங்கள் அம்மா சீரியலுக்கு முன்னால் இருக்கிறார். வயதான தோல் அதே வெயிலில் இளந்தோல் அளவுக்கு டி தயாரிக்காது. அதனால் எழுபத்தைந்தைத் தாண்டியவர்களுக்குப் பரிசோதனைகூட இல்லாமல் தினசரி சிறிய அளவு கொடுக்கலாம் என்று 2024-ல் அமெரிக்க நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்கள் சங்கம் வழிகாட்டியிருக்கிறது. தினசரி, சிறிய அளவு என்ற இரண்டு வார்த்தைகளையும் கவனியுங்கள். குறை இருக்கிறதா என்று பார்க்காமல் பொதுவாக எல்லோருக்கும் டி கொடுத்தால் என்ன ஆகும் என்று அங்கே 25,000 பேருக்கு மேல் வைத்து ஐந்து வருடம் பார்த்தார்கள். புற்றுநோயோ மாரடைப்போ வருவது குறையவில்லை, எலும்பு முறிவும் குறையவில்லை. மல்டிவைட்டமினுக்கு நடந்த ஒரு பெரிய ஆய்வில் பெரியவர்களின் ஞாபக சக்திக்குச் சிறிய நன்மை தெரிந்தது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அடுத்து, மாத்திரையும் மாத்திரையும் மோதுகிற சங்கதி. இதய வால்வு மாற்றியவர்கள் ரத்தம் உறையாமல் இருக்க வார்பரின் வகை மாத்திரை போடுவார்கள். அவர்களுக்கு டப்பாவில் இருக்கும் வைட்டமின் கே அந்த மருந்தையே மட்டுப்படுத்திவிடும். இதற்காகக் கீரையைக்கூடத் திடீரென்று கூட்டாதே குறைக்காதே என்று டாக்டர் சொல்லியிருப்பார், பிள்ளைக்கு அது தெரியாது. தைராய்டு மாத்திரையோடு சேர்த்துக் கால்சியமோ இரும்புச்சத்தோ விழுங்கினால் தைராய்டு மருந்து சரியாகச் சேராது, நாலு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். ஆறு மணிக்கு ஒன்று, காபியோடு ஒன்று என்று போட்டுவிட்டு, தைராய்டு ஏறிவிட்டது என்று அளவைக் கூட்டிக்கொண்டே போனவர்களைப் பார்த்திருக்கிறேன். முடி வளர வாங்கி வரும் பயோட்டின் தைராய்டு பரிசோதனை முடிவையே தவறாகக் காட்டும், மாரடைப்புக்குப் பார்க்கும் ரத்தப் பரிசோதனையைக்கூடக் குழப்பும். பரிசோதனைக்குப் போகும்போது டாக்டரிடம் சொல்லிவிட்டுத்தான் ரத்தம் கொடுக்க வேண்டும். நரம்புக்கு என்று விற்கும் பல மாத்திரைகளில் பி6 நிறைய இருக்கும். அதை மாதக்கணக்கில் அதிகமாகப் போட்டால் அதுவே கால் மதமதப்பைக் கொண்டுவரும். 2023-ல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு பி6-க்கு ஒரு நாள் உச்சவரம்பை 12 மில்லிகிராமாகக் குறைத்தது. இங்கே அட்டையைத் திருப்பிப் பார்த்தால் ஒரு மாத்திரையிலேயே அதைப் போல் பல மடங்கு இருப்பதுண்டு. அந்த 71 வயது அம்மாவுக்கு நான் ஒரு வருடம் கொடுத்துவந்ததும் அப்படி ஒரு மாத்திரைதான். அன்றிலிருந்து டாக்டர் சீட்டு இல்லாமல் அதை யாருக்கும் தொடர்ந்து கொடுப்பதில்லை.

இவ்வளவு நேரம் மாத்திரையைப் பற்றியே பேசிவிட்டேன். பெரும்பாலான வீட்டில் சத்துக் குறைவதற்குக் காரணம் வாயிலும் அடுப்பிலும் இருக்கிறது. உங்கள் அப்பாவுக்குப் பல் எத்தனை இருக்கிறது என்று தெரியுமா? வேர்க்கடலை, கொய்யா, நெல்லிக்காய், கறி, முருங்கைக்காய் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக விட்டுவிட்டு, குழைந்த ரசம் சாதத்துக்கும் பாலில் ஊறிய பன்னுக்கும் வந்து நிற்கிறார். பிடிக்கவில்லை என்று சொல்வார், மெல்ல முடியவில்லை என்று சொல்லமாட்டார். அவருக்கு டப்பா வாங்கும் காசைச் சேர்த்துப் பல் செட் கட்டிக் கொடுங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் பல் கட்டிய மூன்றாம் நாள் கடைக்கு வந்து, நின்றபடியே ஒரு கொய்யாப் பழத்தைக் கடித்துக் காட்டிவிட்டுப் போனார்.

அம்மா விஷயம் வேறு. ஓர் ஆளுக்குச் சமைக்க யாருக்கும் மனசு வராது. நாலு பேருக்குக் குழம்பு வைத்துப் பழகிய கை, ஒருத்திக்காகக் கீரை ஆய்வதில்லை. ராத்திரி இரண்டு இட்லி, தொட்டுக்கொள்ளப் பொடி, அவ்வளவுதான். "சாப்பிட்டாச்சாம்மா" என்று நீங்கள் போனில் கேட்பீர்கள், "ஆச்சுப்பா" என்பார், அது உண்மையும்கூட. அங்கே நிறுத்திவிடாதீர்கள். என்ன சாப்பிட்டே, தொட்டுக்க என்ன, நேத்து என்ன, முட்டை கடைசியா என்னைக்கு என்று கேளுங்கள். ஒரு வாரம் இப்படிக் கேட்டு எழுதி வைத்தால் எந்தச் சத்து குறைகிறது என்று டாக்டருக்குச் சொல்ல உங்களிடமே ஒரு பட்டியல் இருக்கும். முடிந்தால் மதியச் சாப்பாட்டுக்குப் பக்கத்து வீட்டில் இன்னொரு பெரியவரோடு சேர்ந்து உட்கார ஏற்பாடு செய்யுங்கள். கூட ஓர் ஆள் இருந்தால் கூட ஒரு காய் வரும்.

இந்த முறை கிளம்புவதற்கு முன்னால் வீடியோ கால் போட்டு, வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு தட்டில் பரப்பச் சொல்லுங்கள். தலையணைக்கு அடியில் இருப்பது, பூஜை அலமாரியில் இருப்பது, பிரிட்ஜ் கதவில் இருப்பது எல்லாம் வரட்டும். போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, அவர்களைப் பார்க்கும் டாக்டரிடம் காட்டுங்கள். மெட்பார்மின் நாலைந்து வருடத்துக்கு மேல் போடுகிறார் என்றால், அல்லது கேஸ் மாத்திரை நிறுத்தாமல் ஓடுகிறது என்றால், அல்லது சுத்த சைவம் என்றால், பி12 பார்க்கலாமா என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. அதற்குப் பிறகு டாக்டர் ஒரு சத்து மாத்திரை எழுதினால் அதைத் தாராளமாக வாங்கிக் கொடுங்கள். இங்கேயே கிடைக்கும். வாங்கியதை அலமாரியில் வைத்துவிட்டுப் போகாமல், மூடியின்மேல் தடித்த மார்க்கரால் தமிழில் "காலை, சாப்பிட்டபின், ஒன்று" என்று எழுதி, முதல் மாத்திரையை நீங்களே கையில் கொடுத்துப் போட வைத்துவிட்டுப் போங்கள். சேமித்து வைக்க வேண்டாம், தீர்ந்தால் இன்னொன்று வரும் என்பதையும் சொல்லிவிட்டுப் போங்கள்.

படிக்கத் தெரியாத லேபிள் எது இருந்தாலும், அட்டையும் டப்பாவுமாக மஞ்சப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு அம்மாவையோ அப்பாவையோ கூட்டி வாருங்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் நாலு மணிவரை கடையில் கூட்டம் இருக்காது. உள்ளே இரண்டு நாற்காலி போட்டிருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் ஊர் மருந்துக் கடைக்காரர்